அமெரிக்கச் சிறுவிலங்கு வேட்டையும் .22 ரைபிள் தோட்டாக்களின் வளர்ச்சியும் (1930–2019)

அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் மேய்ச்சல் நிலத்தைக் குடைந்து வளை தோண்டும் வுட்சக், மேற்குச் சமவெளிகளில் கூட்டமாக வாழும் பிரெய்ரி நாய் என்னும் தரையணில், ஆட்டுக்குட்டிகளைக் கவ்விச் செல்லும் கோயோட்டி ஆகியவற்றை உழவர்களும் பண்ணைக்காரர்களும் நெடுங்காலமாகச் சுட்டு வந்துள்ளனர். சிறிய உடல், நீண்ட தூரம், திறந்த வெளியின் காற்று ஆகிய மூன்றும் சேர்ந்து இந்த வேட்டையை இலக்குச் சுடுதலுக்கு மிக அருகில் கொண்டுவந்தன. ஆகவே இவ்விரண்டுக்குமான தோட்டாக்கள் ஒரே பட்டறைகளில், பெரும்பாலும் ஒரே மனிதர்களின் கையில் உருவாயின. அந்தத் தோட்டாக்களுக்குப் புகழ் தந்தது வேகம். ஆனால் எது நிலைத்தது, எது மறைந்தது என்பதைத் தீர்மானித்ததில் குழலின் முறுக்குக்கு வேகத்தைவிடப் பெரிய பங்குண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

காலிபர் என்பது குழலின் உள்விட்டத்தைக் குறிப்பது. இங்கு பேசப்படும் .22 வகைத் தோட்டாக்களின் குண்டு 0.224 அங்குல விட்டம், அதாவது ஏறத்தாழ 5.7 மி.மீ. கொண்டது. குண்டின் எடையைக் கிரெயின் கணக்கில் சொல்வது வழக்கம். 50 கிரெயின் என்பது 3.24 கிராம். குழலின் உட்சுவரில் வெட்டப்பட்ட சுருள்வரிகள் குண்டைச் சுழல வைக்கின்றன. அவை ஒரு முழுச் சுற்றை எத்தனை அங்குலத்தில் முடிக்கின்றன என்பதே முறுக்கு. 14 அங்குலத்தில் ஒரு சுற்று என்றால் மெதுவான முறுக்கு. 7 அங்குலத்தில் என்றால் வேகமான முறுக்கு. ஒரே விட்டத்தில் குண்டு நீள நீள அதற்கு வேகமான சுழற்சி வேண்டும் என்பதை 1879இலேயே ஆங்கிலேயக் கணித அறிஞர் ஆல்பிரட் ஜார்ஜ் கிரீன்ஹில் சூத்திரமாக்கிவிட்டார். அந்த அறிவு கையில் இருந்தும், வேட்டை ரைபிள் செய்தவர்கள் எண்பது ஆண்டுகள் கழித்து அதே பாடத்தை நட்டப்பட்டுப் படிக்க வேண்டியிருந்தது.

1920களில் ஸ்பிரிங்ஃபீல்டு படைக்கலச் சாலையைச் சேர்ந்த டவுன்செண்ட் வீலன், ஜி. எல். வோட்கின்ஸ் முதலியோர், 1880களின் கருமருந்துத் தோட்டாவான .22 டபிள்யூ.சி.எஃப்.-இல் புகையற்ற மருந்தை நிரப்பிச் சோதித்தனர். அதிலிருந்து பிறந்தது .22 ஹார்னெட். 1930இல் வின்செஸ்டர் நிறுவனம் இத்தோட்டாவை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, இதற்கென எந்தத் தொழிற்சாலையும் ரைபிள் செய்திருக்கவில்லை. ரைபிள்கள் பின்னால்தான் வந்தன. 45 கிரெயின் குண்டை விநாடிக்குச் சுமார் 2,400 அடி வேகத்தில் செலுத்திய ஹார்னெட், ஓசை குறைந்தது என்பதால் வீடுகள் நெருங்கிய பண்ணைப் பகுதிகளிலும் ஏற்கப்பட்டது. அதன் குழல்களுக்கு 16 அங்குல முறுக்கு வழக்கமாயிற்று. குட்டைக் குண்டுக்கு அது போதும்.

1935இல் வின்செஸ்டர் வெளியிட்ட .220 ஸ்விஃப்ட் 48 கிரெயின் குண்டை விநாடிக்கு 4,110 அடியில் செலுத்தியது. தொழிற்சாலைத் தோட்டா ஒன்று 4,000 அடியைத் தாண்டியது அதுவே முதல் முறை. அதே காலத்தில் வோட்கின்ஸும் ஜே. ஈ. கெப்பியும், .250 சாவேஜ் தோட்டாவின் உறைக் கழுத்தை .22 அளவுக்குச் சுருக்கித் தனிப் பாதையில் உழைத்துக்கொண்டிருந்தனர். வின்செஸ்டரோ 6 மி.மீ. லீ நேவி என்ற பழைய கடற்படைத் தோட்டாவின் உறையைத் தேர்ந்தது. கெப்பியின் வடிவம் முப்பது ஆண்டுகள் கைவினைத் தோட்டாவாகவே வாழ்ந்து, 1965இல் ரெமிங்டன் வழியாக .22-250 என்ற பெயரில் கடைக்கு வந்தது. வேகத்தில் ஸ்விஃப்ட்டுக்குச் சற்றே பின்தங்கியிருந்தும் விற்பனையில் அதை முந்தியது. குறுகிய குழலில் மிகுதியான மருந்து எரியும்போது வெப்ப வாயு குழலின் தொண்டைப் பகுதியை அரிக்கிறது. ஸ்விஃப்ட் குழலைத் தின்றுவிடும் என்ற பேச்சு ஓரளவு மிகைதான். ஆனால் அந்தப் பெயரை அது கடைசிவரை உதறவே முடியவில்லை.

இலக்குச் சுடுதலின் நோக்கில் 1950ஆம் ஆண்டே திருப்புமுனை. ரெமிங்டன் பொறியாளர் மைக் வாக்கர், எந்தப் பழைய உறையையும் திருத்தாமல் .222 ரெமிங்டனைப் புதிதாக வடிவமைத்தார். 50 கிரெயின் குண்டு, விநாடிக்குச் சுமார் 3,200 அடி. ஸ்விஃப்ட்டைவிட ஏறக்குறைய 900 அடி குறைவு. இருந்தும் துப்பாக்கியை மேசைமேல் தாங்கி வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளில் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அதுவே கோலோச்சியது. குறைந்த மருந்து, மெல்லிய உதைப்பு, ஒவ்வொரு வெடியும் முந்தைய வெடியை ஒத்திருத்தல் ஆகியவையே அதன் வலிமை. வாக்கர் தாமே அப்போட்டிகளில் சுட்டவர் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். விளம்பரத்துக்காக அல்ல, சுடுபவனின் தேவைக்காக உருவான தோட்டா அது.

முறுக்கின் பங்கை எல்லோரும் காணும்படி காட்டிய நிகழ்ச்சி 1955இல் நடந்தது. அவ்வாண்டு வின்செஸ்டர் .243 தோட்டாவையும், ரெமிங்டன் .244 தோட்டாவையும் வெளியிட்டன. இரண்டிலும் குண்டு ஒரே 6 மி.மீ. விட்டம்; ஆற்றலிலும் .244 எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. ஆனால் ரெமிங்டன் தன்னுடையதைச் சிறுவிலங்குத் தோட்டாவாகவே எண்ணி, 12 அங்குல முறுக்குடன் 75, 90 கிரெயின் குண்டுகளைத் தந்தது. வின்செஸ்டர் 10 அங்குல முறுக்குடன் 80, 100 கிரெயின் குண்டுகளைத் தந்தது. சாதாரண அமெரிக்கர் ஒரே ரைபிளில் கோடையில் வுட்சக்கையும் இலையுதிர் காலத்தில் மானையும் சுட விரும்பினார். மானுக்கு 100 கிரெயின் வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. .243 வென்றது. ரெமிங்டன் பின்னர் முறுக்கை 9 அங்குலமாக மாற்றி, 1963இல் 6 மி.மீ. ரெமிங்டன் என்று பெயரையும் மாற்றியது. இழந்த சந்தை திரும்பவில்லை. நல்ல தோட்டா ஒன்று இரண்டு அங்குல முறுக்கு வேறுபாட்டால் தோற்றதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

.223 ரெமிங்டனின் கதையிலும் இதே இழையைக் காணலாம். யூஜின் ஸ்டோனரின் ஏ.ஆர்.-15 ரைபிளுக்காக .222இன் உறையை நீட்டி உருவான இத்தோட்டா 1964இல் பொதுச் சந்தைக்கு வந்தது. தொடக்க ஏ.ஆர்.-15களின் முறுக்கு 14 அங்குலம். ஆர்க்டிக் குளிரின் அடர்ந்த காற்றில் 55 கிரெயின் குண்டு தள்ளாடியதால் 1963இல் அது 12 அங்குலமாக்கப்பட்டது. 1980இல் நேட்டோ 62 கிரெயின் நீள் குண்டை ஏற்றபின் எம்16ஏ2 ரைபிளில் 7 அங்குலமானது. அந்த மாற்றம் இராணுவத்தோடு நிற்கவில்லை. வேகமான முறுக்கு கிடைத்ததும் 77, 80 கிரெயின் இலக்குக் குண்டுகள் சாத்தியமாயின. 1990களில் இத்தோட்டா 600 கஜப் போட்டிகளில் .308 தோட்டாவை ஓரங்கட்டத் தொடங்கியது. விட்டமோ உறையோ மாறவில்லை.

எனினும் வேகமான முறுக்கே எப்போதும் மேல் என்று முடிவு கட்டுவது தவறு. லூயி பால்மிசானோவும் ஃபெர்ரிஸ் பிண்டெலும் 1970களின் நடுவில் உருவாக்கிய 6 மி.மீ. பி.பி.சி. தோட்டாவே பெஞ்ச்ரெஸ்ட்டில் .222இன் ஆட்சியை முடித்தது. சோவியத்தின் 7.62×39 தோட்டா வழிவந்த .220 ரஷ்யன் உறையிலிருந்து பிறந்த அதன் உடல் குட்டையானது, பருத்தது. 100, 200 கஜங்களில் அதற்கு இன்றும் 14 அங்குல அளவிலான மெதுவான முறுக்கே விரும்பப்படுகிறது. குட்டைக் குண்டை வேண்டியதைவிட வேகமாகச் சுழற்றினால், குண்டின் எடைச்சமநிலையில் உள்ள மிகச் சிறு குறையும் இலக்கில் பெரிதாகத் தெரியும். 2002இல் வந்த .17 ஹெச்.எம்.ஆர்., 2004இல் வந்த .204 ரூகர் ஆகிய இரண்டும் வேட்டைக்காரருக்கு வசதி தந்தன. இந்த வாதத்தில் அவை புதிதாக எதையும் சேர்க்கவில்லை.

அண்மைய மாற்றம் தொழிற்சாலையிலிருந்து வரவில்லை. பறவைகளின் சாவிலிருந்து வந்தது. சிறுவிலங்குக்கான மெல்லுறை ஈயக் குண்டு உடலுக்குள் நொறுங்குமாறு செய்யப்பட்டது. சுட்ட இடத்திலேயே விடப்பட்ட உடல்களைத் தின்னும் கழுகுகளும் பருந்துகளும் அந்த ஈயத் துணுக்குகளையும் விழுங்குகின்றன. வேட்டையின் நேர்த்தியைப் பற்றி இவ்வளவு ஆராய்ந்த சமூகம் இதை முன்பே கவனித்திருக்க வேண்டும். கலிபோர்னியா 2013இல் சட்டமியற்றி, 2019 ஜூலை 1 முதல் மாநிலம் முழுவதும் துப்பாக்கியால் வனவிலங்குகளைச் சுடுவதில் ஈயக் குண்டுக்குத் தடை விதித்தது. மாற்றாக வந்த தாமிரம் ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே ஒரே எடையில் தாமிரக் குண்டு நீளமாகிறது. நீளம் கூடினால் கிரீன்ஹிலின் கணக்கு மீண்டும் குறுக்கே நிற்கிறது. ஈயத்துக்காக முறுக்கிய பழைய .22-250 குழல்கள் பலவற்றில் அதே எடையுள்ள தாமிரக் குண்டு நிலைகொள்வதில்லை.

அத்தகைய 14 அங்குல முறுக்குக் குழலை வைத்திருப்பவர் எடை குறைந்த, குட்டையான தாமிரக் குண்டையே தேட வேண்டும். புதிதாக .22 வகை ரைபிள் வாங்கி வேட்டைக்கும் நெடுந்தூர இலக்குக்கும் சேர்த்துப் பயன்படுத்த நினைப்பவர், தோட்டாவின் பெயரைக் கேட்பதற்கு முன் குழலின் முறுக்கைக் கேட்கட்டும். விற்பவர் 8 அங்குலம் என்றால் வாங்கலாம்.