மறைத்து வைத்த நோயின் வரலாறு

சங்க மலரில் இதையெல்லாமா எழுதுவது என்று சிலர் முகம் சுளிக்கலாம். எழுதத்தான் வேண்டும். கல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் எங்களோடு இருந்த பெரியப்பா, பதினோரு வருஷம் விரைவீக்கத்தை வேட்டிக்குள் மறைத்தே காலம் தள்ளினார். கேட்டால், "வெறும் ஓதம்டா, ஊர்ல பாதிப் பேருக்கு உண்டு" என்பார்.

ஓதம் என்பது விரையைச் சுற்றியுள்ள பையில் நீர் கோப்பது. அது வேறு, குடலிறக்கம் வேறு. இந்த வேறுபாட்டைச் சுஸ்ருத சம்ஹிதையே அறிந்திருந்தது. இவ்வகை வீக்கங்களை அது ஏழாகப் பிரிக்கிறது. நீர் கோத்ததை, நடுத்தையலுக்குப் பக்கவாட்டில் கீழ்ப்புறம் துளைத்துக் குழாய் வைத்து வடிக்கச் சொல்கிறது. குடல் இறங்கி விரைப்பையையே அடைந்துவிட்டால் கைவிடச் சொல்கிறது.

நாம் குடியேறிய வங்காளத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1845 ஏப்ரல் 4 அன்று, ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற மருத்துவர், ஓத சிகிச்சையின் வலியால் துடித்த கைதி ஒருவரைக் கைகளால் தடவி 'மெஸ்மரிச' உறக்கத்தில் ஆழ்த்தினார். பிறகு பெரிய விரைப்பைக் கட்டிகளையும் அதே முறையில் அறுத்தெடுத்தார். ஈதரும் குளோரோபார்மும் வந்ததும் அம்முறை மறைந்தது. 1872இல் கல்கத்தாவில் திமோதி லூயிஸ், யானைக்கால் புழுவின் இளம் உயிரிகளை மனித ரத்தத்தில் கண்டார். 1877இல் சீனாவின் அமாய் நகரில் பேட்ரிக் மேன்சன், கொசுவின் உடலில் அவை வளர்வதைக் கண்டார். ஓதத்துக்கு அந்தப் புழுவும் ஒரு காரணம்.

ஒரு நாள் இரவு பெரியப்பாவுக்கு வீக்கம் கல்லாக இறுகி, வாந்தி நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கை அணைத்து டார்ச் அடித்தார். நீராக இருந்தால் வெளிச்சம் ஊடுருவிச் சிவப்பாகத் தெரியும், தெரியவில்லை. வீக்கத்தின் மேல் விளிம்பும் விரலுக்குப் பிடிபடவில்லை. குடல் சிக்கிக்கொண்டிருந்தது. ஒரு சாண் குடலை வெட்டியெடுத்து ஆளைக் காப்பாற்றினார்கள். "இத்தனை வருஷமா யாருமே டார்ச் அடிச்சுப் பாக்கலையா?" என்ற டாக்டருக்கு எங்களிடம் பதில் இல்லை.

நீரை மட்டும் வடித்தால் மறுபடி சேரும். பையைத் திருப்பித் தைக்கும் சிறிய ஆபரேஷனே தீர்வு. திடீரென்று கடும் வலி வந்தால் விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் ஓடவேண்டும். வலியில்லாத கெட்டிக்கட்டி புற்றாகவும் இருக்கலாம். ஸ்கேன் சொல்லிவிடும், சீக்கிரம் கண்டால் பெரும்பாலும் குணமாகும்.

வீட்டு ஆண்களிடம் இதைப் பேசுங்கள். பெரியப்பாவிடம் நாங்கள் பேசவில்லை.