கெப்ளரின் பீப்பாயும் ஸ்பீக்கர் பெட்டியும்

கார் டிக்கியின் மூலையில், சக்கர மேட்டுக்குப் பின்னால் இருக்கும் பொந்தில், ஃபைபர்கிளாஸில் ஒரு சப்வூஃபர் பெட்டி செய்வதாக வைத்துக்கொள்வோம். பின்பக்கம் காரின் உடம்பு போலவே வளைந்திருக்கும். முன்பக்கம் சாய்வு. மேலேயும் கீழேயும் ஒரே அகலம் கிடையாது. ஸ்பீக்கரோடு வந்த தாளிலோ "மூடிய பெட்டி, 28 லிட்டர்" என்று ஒரே வரி. நீளம், அகலம், உயரம் என்று பெருக்கவே முடியாத இந்தப் பெட்டியில் எத்தனை லிட்டர் இருக்கிறது? ரெசின் இறுகிவிட்டால் அப்புறம் திருத்துவது பெரும்பாடு.

இதற்கான வழி 1615-லேயே அச்சாகிவிட்டது. ஆனால் ஸ்பீக்கர்காரர்களுக்கு இந்தக் கேள்வி வந்தது ரொம்பப் பின்னால்தான். ஜெனரல் எலெக்ட்ரிக்கைச் சேர்ந்த ரைஸும் கெல்லாக்கும் 1925-ல் இன்றைய ஸ்பீக்கரின் மூதாதையை அறிவித்தபோது, கோனின் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் கலந்து ஒன்றையொன்று அழிக்காமல் தடுக்க ஒரு பலகை போதும் என்றுதான் நிலைமை. பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் 1932-ல் காப்புரிமை வாங்கிய போர்ட் வைத்த பெட்டியில்தான் உள்ளே இருக்கும் காற்றின் அளவு கணக்குக்குள் வருகிறது.

1954-ல் எட்கர் வில்ச்சர் அதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். கோனைத் தொளதொளவென்று கட்டி, இறுக மூடிய சிறிய பெட்டியில் வைத்து, அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக வேலை செய்யவிட்டார். தன்னிடம் படித்த ஹென்றி க்ளாஸோடு சேர்ந்து அவர் தொடங்கிய அகூஸ்டிக் ரிசர்ச் கம்பெனி இதை வைத்துத்தான் பேர் வாங்கியது. காற்றுதான் ஸ்பிரிங் என்று ஆனபிறகு, லிட்டர் என்பது மரவேலைக் கணக்கு இல்லை; ஒலியின் கணக்கு. 1961-ல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல், 1970-களின் தொடக்கத்தில் சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த ரிச்சர்ட் ஸ்மால் இருவரும் இதைச் சூத்திரமாக்கினார்கள். இன்று ஸ்பீக்கர் தாளில் இருக்கும் எண்களுக்கு இவர்கள் பெயர்தான்.

ஆனால் அவர்கள் சூத்திரம் "இத்தனை லிட்டர் வேண்டும்" என்பதோடு நின்றுவிடும். கோணல்மாணலான பெட்டியில் அத்தனை லிட்டர் இருக்கிறதா என்று பார்க்க, ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரத்துக்குப் போகவேண்டும்.

யோஹான்னஸ் கெப்ளர், கிரகங்களின் பாதையைக் கண்டுபிடித்த அதே ஆள், 1613-ல் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார். வீட்டுக்கு ஒயின் வாங்கினார். வியாபாரி பீப்பாயின் வயிற்றில் இருந்த துளை வழியாக ஒரு கோலைச் சாய்வாக விட்டு, அடித்தட்டின் ஓரத்தைத் தொட்டு, நனைந்த நீளத்தைப் பார்த்து விலை சொன்னான். கெப்ளருக்குச் சந்தேகம். ஒல்லியான நீளப் பீப்பாய்க்கும் குண்டான குட்டைப் பீப்பாய்க்கும் கோல் ஒரே நீளம் காட்டலாமே, ஒயின் ஒரே அளவா இருக்கும்? நாமாக இருந்தால் பேரம் பேசிவிட்டு வந்திருப்போம். அவர் 1615-ல் இதற்காக ஒரு புத்தகமே போட்டார். லத்தீனில் எழுதியது போதாதென்று மறுவருஷம் ஜெர்மனிலும் கொண்டுவந்தார்.

எனக்கு அதில் பிடித்த விஷயம், வியாபாரி தப்பித்ததுதான். பீப்பாயை உருளை என்று வைத்தால், அதே கோல் நீளத்துக்கு அதிகபட்ச ஒயின் பிடிப்பது நீளம் விட்டத்தைப் போல் 1.41 மடங்கு இருக்கும்போது. ஆஸ்திரியப் பீப்பாய்கள் கிட்டத்தட்ட அந்த வடிவம். உச்சத்துக்குப் பக்கத்தில் வடிவம் கொஞ்சம் மாறினாலும் அளவு பெரிதாக மாறாது என்பதையும் கெப்ளர் கவனித்தார். போட்டுப் பார்த்தேன்: 1.41 என்பது 1.2 ஆனால்கூட கொள்ளளவு 2 சதவிகிதத்துக்கும் குறைவாகத்தான் இறங்குகிறது. தச்சன் கை முன்னேபின்னே போனாலும் கோல் ஏமாற்றாது.

அளக்கும் முறைக்கு வருவோம். உருவத்தை மெல்லிய வில்லைகளாக நறுக்கிக் கூட்டுவதுதான் அவருடைய வழி. (சில உருவங்களுக்கு ஆப்பிள், எலுமிச்சை என்றே பேர் வைத்தார்.) ஜெர்மனியில் இன்றும் "கெப்ளரின் பீப்பாய் விதி" என்று சொல்லப்படுவது இது: ஒரு முனையின் பரப்பு, நடுப்பரப்பின் நான்கு மடங்கு, மறுமுனையின் பரப்பு மூன்றையும் கூட்டி, நீளத்தால் பெருக்கி, ஆறால் வகுக்க வேண்டும். நாம் பி.இ. முதல் வருஷத்தில் சிம்ப்சன் விதி என்று படித்ததன் சின்ன வடிவம். தாமஸ் சிம்ப்சன் பிறந்ததே 1710-ல்.

நம்ம டிக்கிப் பெட்டிக்குப் போடலாம். நீளம் 36 செ.மீ. ஒரு முனையில் குறுக்குவெட்டு 1200 சதுர செ.மீ., நடுவில் 950, மறுமுனையில் 440. கூட்டினால் 5440, ஆறால் பெருக்க 32.6 லிட்டர். நடுவை விட்டுவிட்டு இரண்டு முனைகளின் சராசரியை மட்டும் எடுத்தால் 29.5 லிட்டர்தான் வரும். வளைவுக்குள் ஒளிந்திருந்தது மூன்று லிட்டர். வளைவு ரொம்ப நெளிந்தால் இரண்டு மூன்று துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் போடவேண்டியதுதான். கம்ப்யூட்டரில் முப்பரிமாண வரைபடம் போட்டவர்களுக்கும் இதைச் சிபாரிசு செய்வேன். சாஃப்ட்வேர்காரன் சொல்கிறேன், மில்லிமீட்டருக்குப் பதில் அங்குலம் விழுந்த ஃபைலை இரண்டு நிமிஷக் கைக்கணக்கு பிடித்துவிடும்.

கணக்கே வேண்டாம் என்றால் படி இருக்கிறது. பெட்டியில் அரிசியை நிரப்பி, தட்டி, அதே அரிசியைச் சதுரமான அட்டைப்பெட்டிக்கு மாற்றி, அதையும் அதே மாதிரி தட்டி அளக்கலாம். எடை போட்டு லிட்டர் கணக்குப் பார்ப்பதைவிட இது நம்பகம்.

எவ்வளவு துல்லியம் தேவை? 30 ஹெர்ட்ஸில் அதிரும் ஸ்பீக்கர், அதன் தொங்கலுக்குச் சமமான காற்று 60 லிட்டர் என்று எடுத்தால், 28 லிட்டர் மூடிய பெட்டியில் அதிர்வெண் 53 ஆகும். 25 லிட்டரில் 55. கெப்ளரின் பீப்பாய் போலவே இதுவும் மன்னிக்கும். 20 லிட்டருக்கு இறங்கினால் 60. அங்கே பேஸின் குணமே மாறத் தொடங்கும். போர்ட் வைத்த பெட்டியில் இந்த அளவு சலுகையை எதிர்பார்க்காதீர்கள்.

கடைசியாக, வெளியே அளந்திருந்தால் சுவரின் கனத்தைக் கழியுங்கள். காந்தம், சட்டம், உள்ளே கொடுத்த முட்டுக்கட்டை எல்லாவற்றையும் கழியுங்கள். உள்ளே பஞ்சு அடைத்தால் கணக்கு எதிர்ப்பக்கம் போகும்: காற்று அமுங்கும்போது எழும் சூட்டைப் பஞ்சு வாங்கிக்கொள்வதால் பெட்டி தன் அளவைவிடப் பெரியதுபோல நடந்துகொள்ளும். கோட்பாட்டில் உச்சவரம்பு 40 சதவிகிதம், கைக்கு வருவது அதைவிடக் குறைவு. பெட்டி ஒன்றிரண்டு லிட்டர் சிறிதாகிப்போனவர்கள் ரெசினை வெட்டுவதற்கு முன்னால் பஞ்சை முயற்சி செய்து பார்க்கலாம்.