ஒற்றையாட்சியோ, ஒருமித்த நாடோ?

'யூனிற்றரி' எண்ட ஆங்கிலச் சொல் 1972 இலை எங்கட அரசியலமைப்புக்குள்ளை ஏறினது. சிங்களத்திலை 'ஏக்கீய', தமிழிலை 'ஒற்றையாட்சி'. சிங்களச் சனத்தின்ரை காதிலை அது பிரிக்கேலாத நாடு எண்டு விழும். எங்கட காதிலை அதிகாரம் முழுக்கக் கொழும்பிலை எண்டு விழும்.

2017 செப்ரெம்பரிலை வந்த இடைக்கால அறிக்கை அந்த ஆங்கிலச் சொல்லே பொருந்தாது எண்டிட்டுது. ஸ்கொட்லாந்தும் வட அயர்லாந்தும் விலக இடமிருக்கிற பிரித்தானியாவிலையே அதின்ரை பொருள் மாறிப்போச்சாம். சிங்களத்திலை 'ஏக்கீய ராஜ்ய' அப்பிடியே நிண்டது. தமிழிலை 'ஒருமித்த நாடு' வந்தது. தெற்கிலை, தமிழருக்கு வேறை அர்த்தம் எழுதி ஏமாத்துகினம் எண்டிச்சினம். வடக்கிலை, ஏக்கீய எண்டால் பழைய ஒற்றையாட்சிதானே எண்டு கேட்டிச்சினம். வடக்கு கேட்டதிலைதான் ஞாயம் கூட எண்டது என்ரை எண்ணம். சிங்களச் சொல் மாறேல்லையே! 2019 க்குப் பிறகு அந்த முயற்சியே படுத்திட்டுது.

நான் கோப்பை கழுவுற இத்தாலியிலை, 1948 அரசியலமைப்பின்ரை 5ஆம் உறுப்புரை குடியரசு ஒண்டு, பிரிக்கேலாதது எண்டுது. உள்ளூர்த் தன்னாட்சியை வளர்க்கிறது எண்டும் அதே வசனத்திலைதான் கிடக்கு. சிசிலிக்கெண்டு தன்னாட்சிச் சட்டம் 1946 இலையே வந்திட்டுது. அதின்ரை பாராளுமன்றம் இஞ்சை பலெர்மோவிலை, நோர்மன் அரண்மனையிலை கூடுது.