குருந்தம் போன பாதை

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், ஆசிரமங்களை ஒட்டிய கடைகளில் ருத்திராட்சத்துக்கும் ஸ்படிக மாலைக்கும் நடுவே பச்சை நிறப் படிகங்கள் விற்கப்படுவதைக் கண்டிருப்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் மரகதம் என்ற சொல்லை நம்பி நானும் ஒன்று வாங்கினேன். வீட்டில் பேனாக்கத்தியால் கீறிப் பார்த்தேன், கோடு விழுந்தது. மரகதத்தில் கத்தி ஏறாது. என்னிடம் வந்து சேர்ந்தது ஃப்ளூரைட். மோஸ் 1812இல் வகுத்த கடினத்தன்மை வரிசையில் அதற்கு நான்காம் இடம். அதே வரிசையில் வைரத்துக்கு ஒரு படி கீழே, ஒன்பதாம் இடத்தில் இருப்பது கொரண்டம். அது நம்முடைய குருந்தம்தான்.

இந்தப் பெயர் ஐரோப்பாவுக்குப் போனதற்குக் காரணம், காட்சிக்காகக் கல் சேர்த்த ஒரு பிரபு. சார்லஸ் கிரெவில் (1749-1809) என்ற அவரை, எம்மா ஹாமில்டனைத் தன் மாமாவிடம் அனுப்பிவைத்தவர் என்றுதான் வரலாறு அதிகம் பேசுகிறது. அந்த வம்பு நமக்கு வேண்டாம். 1798இல் ராயல் சொசைட்டி இதழில் ஆசியாவின் குருந்தக்கல் பற்றி அவர் எழுதிய கட்டுரை சுவையானது. 1767 அல்லது 68இல் சென்னை மருத்துவர் ஆண்டர்சன், எடின்பரோவில் இருந்த கல் செதுக்குநர் ஒருவருக்கு ஒரு பெட்டி நிறையப் படிகங்களை அனுப்பினார். வைரம் தவிர மற்ற மணிகளையெல்லாம் பட்டை தீட்ட இந்நாட்டார் பயன்படுத்தும் கல் என்ற குறிப்பும் உடன் போனது. அங்கே அது வெறும் விநோதப் பொருளாகக் கிடந்தது. வேறொரு பெயரும் சூட்டிக்கொண்டது. 1784இல் கர்னல் காத்கார்ட் சில மாதிரிகளோடு அதன் நாட்டுப் பெயரையும் கிரெவிலுக்கு அனுப்பிவைத்தார். அந்தப் பெயரே நிலைத்தது.

பெரும்பாலும் மங்கலான, பச்சைச் சாயல் ஓடும் சாம்பல் நிற அறுகோணப் பட்டகங்கள் அவை. அழகுக்காக யாரும் அலமாரியில் வைக்க மாட்டார்கள். பொடித்து, அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் செய்வது இங்குள்ள வழக்கம். ஆனால் கிரெவில் நிறத்தோடு நிற்கவில்லை. எங்கே கிடைத்தது, எந்தப் பாறையில் பொதிந்திருந்தது என்று கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டே இருந்தார். பரமத்திப் பக்கத்துக் குழிகளைப் பற்றிய செய்தி அவருக்குப் போனது அப்படித்தான்.

பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி லண்டனுக்கு வந்த போர்னோன் பிரபு அந்தச் சேகரிப்பை ஆராய்ந்தார். மாணிக்கமும் நீலமும் இந்த மங்கல் கல்லின் உடன்பிறப்புகளே என்பதை 1802இல் படிக வடிவங்களைக் கொண்டு விளக்கினார். கர்நாடகக் குருந்தத்தோடு ஒட்டி வந்த பாறைத் துண்டில் ஃபைப்ரோலைட் என்ற கனிமத்தையும் அடையாளம் கண்டார். ஒட்டியிருந்த ‘குப்பை’யைத் தட்டி எறிந்து பளபளப்பாக்கி அனுப்பியிருந்தால் அது கிடைத்திருக்காது. கிரெவில் இறந்த பிறகு, 1810இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக 13,727 பவுனுக்கு அந்தச் சேகரிப்பு வாங்கப்பட்டது.

மருத்துவர், கர்னல், பிரபு எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. குழியில் இறங்கித் தோண்டியவர்களுடைய பெயர் ஒன்றையும் நான் அறியேன். அவர்கள் வாயில் புழங்கிய சொல் மட்டும் உலகத்துப் பாடப்புத்தகங்களில் இருக்கிறது.

பரமத்திக்கு அருகிலுள்ள சித்தம்பூண்டியின் வெண்பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. சந்திரயான் சோதனைகளுக்காக அதைப் பொடித்தே இஸ்ரோ செயற்கை நிலவு மண் தயாரித்தது. அந்தப் பாறையிலும் குருந்தம் உண்டு.

என் பச்சைக் கல்லின் ஊரைக் கேட்டுக் கடைக்கு மறுபடியும் போனேன். மொத்த வியாபாரியிடம் எடையில் வாங்கியது, அதற்கு மேல் தெரியாது என்றார்கள்.