பெயர் வெட்டிய பாறைகள்

இத்தாலிக்குப் போகவேண்டும் என்று சொல்கிற நண்பர்கள் எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே திட்டம்தான் இருக்கிறது. ரோமில் இடிபாடுகள், ஃப்ளாரன்ஸில் சிற்பங்கள், கடைசியில் அமால்ஃபி கடற்கரை. முதுகில் ஒரு பை, கையில் ரயில் பாஸ், பதினைந்து நாள். நானும் அந்தக் கணக்கைப் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன். விமான டிக்கெட் விலையைத் தாண்டி அது நகர்ந்ததே இல்லை.

இதே பயணத்தை எதிர்த்திசையில் செய்தவர்களும் இருக்கிறார்கள். காஸ்பரோ பால்பி வெனிஸ் நகரத்து ரத்தின வியாபாரி. 1582இல் சோழமண்டலக் கரையை ஒட்டிக் கப்பலில் போகும்போது ‘ஏழு பகோடாக்கள்’ என்றொரு இடத்தையும், பார்க்க அழகான எட்டுக் குன்றுகளையும் குறித்துக்கொண்டார். அவருடைய பயண நூல் 1590இல் வெனிஸில் அச்சானது. அவர் பார்த்தது மாமல்லபுரத்தைத்தான் என்பது இரா. நாகசாமியின் கருத்து. அடுத்த நூற்றாண்டில் இன்னொரு வெனிஸ்காரர், நிக்கோலாவோ மனுச்சி, மொகலாய அரண்மனைகளைச் சுற்றிவிட்டுச் சென்னையில் வந்து குடியேறினார். அவர் காதில் விழுந்த ஊர்ப்பெயர் ‘மாவேலிவரம்’. அங்குள்ள சிற்பங்களில் அவருக்குச் சீனச் சாயல் தெரிந்தது. ஒருவர் கடலிலிருந்து எண்ணிக்கை போட்டார், இன்னொருவர் சீனாவை நினைத்துக்கொண்டார். இதையெல்லாம் செய்தது யார் என்று இரண்டு பேருமே கேட்டதாகத் தெரியவில்லை. ‘ஏழு பகோடா’ என்ற பெயர் மட்டும் ஐரோப்பிய மாலுமிகளின் வாயில் ஒட்டிக்கொண்டது. 1788இல் வில்லியம் சேம்பர்ஸ் இந்த இடத்தைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு ஆங்கிலேயர்களிடமும் அது நிலைத்துவிட்டது.

இத்தனைக்கும் அவர்கள் ஊரில் ‘யார் செய்தது’ என்ற கேள்வி அப்போதே சூடாக இருந்தது. வசாரி தன் கலைஞர் வாழ்க்கை வரலாறுகளை வெளியிட்டது 1550இல். மைக்கலாஞ்சலோ தன் ‘பியெட்டா’ சிலையில் மரியாளின் மார்புக்குக் குறுக்கே ஓடும் பட்டையில் தன் பெயரை வெட்டி வைத்தார். அவர் கையெழுத்திட்ட ஒரே சிற்பம் அதுதான். இன்று ஒரு பையன் பையை மாட்டிக்கொண்டு ரோமில் இறங்கினால், எந்தக் கல்லை எந்தக் கை தொட்டது என்று சுவரோரம் இருக்கும் பலகை சொல்லிவிடும். செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் இறங்கினால் என்ன கிடைக்கும்? அந்தக் கேள்வியோடுதான் நான் பையைத் தூக்கினேன்.

முதலில் வல்லம். செங்கல்பட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் போய்விடலாம். சிறிய குன்று, அதில் குடைவரைகள், மேலே உள்ளதில் சிவன். மாமல்லபுரத்தில் இருக்கும் கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இங்கே கிடையாது. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மகேந்திரவர்மன் காலத்தில் குடைந்தது. அங்கே தமிழில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. மகேந்திரனுக்கு அடங்கிய சிற்றரசர் ஒருவரின் மகன் கந்தசேனன் இந்தத் தேவகுலத்தைச் செய்வித்தான் என்பது அதன் சாரம். ‘செய்வித்தான்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். செய்தவன் வேறு, செய்வித்தவன் வேறு. நம் கோயில்களில் டியூப் லைட்டின் வெளிச்சமே வெளியே வராத அளவுக்கு ‘உபயம்’ எழுதுவார்களே, அந்த வரிசையில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பெயர்களில் கந்தசேனனும் ஒன்று. கேலிக்காகச் சொல்லவில்லை. அவன் பெயராவது தமிழில் இருக்கிறது, அப்பன் பெயரோடு இருக்கிறது. குடைந்தவர்களுக்கு ஒரு வரி இல்லை.

அங்கிருந்து திருக்கழுக்குன்றம். மலையேறி வேதகிரீசுவரரைப் பார்க்க வருபவர்கள் பலரும் ஒருகல் மண்டபத்தைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். தினமும் உச்சிவேளையில் அர்ச்சகர் கையால் சோறு வாங்கித் தின்ன இரண்டு மஞ்சள்முகப் பாறுகள் வந்துகொண்டிருந்த மலை இது. இப்போது அவை வருவதில்லை. மண்டபமும் பல்லவர் குடைந்ததுதான். உள்ளே போய் வெளிச்சம் பழகியதும் தூண்களிலும் சுவர்களிலும் ரோமன் எழுத்துகள் தெரிய ஆரம்பிக்கும். 17ஆம் நூற்றாண்டில் வந்துபோன டச்சுக்காரர்கள் வெட்டிவைத்த பெயர்கள், ஆண்டுகளோடு. பக்கத்துக் கடற்கரையில் சதுரங்கப்பட்டினத்தில் அவர்களுக்குத் துணி வியாபாரம் இருந்தது. வேலை இல்லாத நாளில் மலைக்கு வந்திருப்பார்கள். ஒரு கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது: அவசரமாகக் கிறுக்கியது இல்லை, நிதானமாக உட்கார்ந்து செதுக்கியது. ஒருவேளை ஆளை வைத்துக்கூடச் செதுக்கியிருக்கலாம். அதுக்குக் கீழேயே நம்மாள் ஒருவர் இதயம் வரைந்து அம்பு விட்டிருக்கிறார். தொல்லியல் சின்னத்தில் 300 வருடத்துக்கு முந்தைய கிறுக்கல் வரலாறு, போன வருடத்துக் கிறுக்கல் குற்றம். சட்டம் அப்படித்தான் இருக்க முடியும் என்றாலும் அங்கே நிற்கும்போது சிரிப்பு வந்தது.

சதுரங்கப்பட்டினத்துக்குப் போனால் இந்தக் கதையின் மறுபாதி இருக்கிறது. கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில் செங்கல் கோட்டை, உள்ளே டச்சுக் கல்லறைகள். கல்லறைப் பலகைகளின் செதுக்கு வேலை அபாரம்: மண்டை ஓடு, பூக்கொடி, நெருக்கமான எழுத்து. யார் பிறந்தார், எப்போது செத்தார் எல்லாம் தெளிவாக இருக்கிறது. 1782இல் இந்த ஊருக்கு எதிரே கடலில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டார்கள். 1820களின் நடுவில் ஊர் ஒரேயடியாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. வந்தவர்களின் பெயர் மட்டும் கல்லில் மிச்சம்.

சரி, மாமல்லபுரம். இங்கே பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் எல்லாம் ஒரே ஆளின் பெயர்கள். தர்மராஜ ரதம் முழுக்கப் பட்டப்பெயர்கள். அதில் ‘அத்யந்தகாமன்’ என்பது கணேச ரதத்திலும் வருகிறது. அந்த ஆள் மாமல்லனா, அவன் பேரன் பரமேசுவரனா, கொள்ளுப்பேரன் ராஜசிம்மனா என்பதுதான் நீண்ட தகராறு. பாணி மெல்ல மெல்ல வளர்ந்தது, அதனால் பல அரசர்களின் வேலை என்பது பழைய வாதம். 1962இல் நாகசாமி, எல்லாமே ராஜசிம்மன் காலம்தான், ஒருவனுக்கே பலவிதமாகச் செய்யும் ஆசை இருந்திருக்கலாம் என்று எழுதினார். எனக்கு அது முழுக்க ஒப்பவில்லை. இத்தனை பாறையை ஓர் ஆட்சிக்குள் திணிக்கக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் இரண்டு தரப்புமே தேடுவது செய்வித்தவனைத்தான்.

வேடிக்கை என்னவென்றால், பெயர் வெட்டுவதில் இவ்வளவு ஆசை கொண்டவர்கள் அந்தப் பெரிய புடைப்புச் சிற்பத்தில், ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள அந்தப் பாறையில், ஒரு எழுத்துகூட விடவில்லை. அதனால்தான் அது அர்ஜுனன் தபசா, பகீரதன் தபசா என்று இன்றுவரை சண்டை. ஒற்றைக் காலில் நிற்கும் பூனைக்கும் அதை நம்பிச் சுற்றி வந்த எலிகளுக்கும் முன்னால் நின்று எல்லோரும் செல்ஃபி எடுக்கிறார்கள். எடுக்கட்டும், அந்தப் பூனை அதற்கென்றே செதுக்கப்பட்ட மாதிரிதான் இருக்கிறது.

வடக்கே சாளுவன்குப்பத்தில் மறந்துபோன பெயர் ஒன்றைக் கடலே திருப்பிக் கொடுத்தது. 2004 சுனாமி மணலை வாரிக்கொண்டு போனதில், புலிக்குகைக்குப் பக்கத்துப் பாறையில் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் கல்வெட்டு வெளியே வந்தது. அதில் ஒரு கோயில் பேசப்படுகிறது. தொல்லியல் துறை 2005இல் தோண்ட ஆரம்பித்தது. பல்லவர் கட்டிய முருகன் கோயிலும், அதற்கடியில் அதைவிடப் பழைய செங்கல் தளமும் கிடைத்தன. வடக்கு நோக்கிய கோயில், கல்லில் செய்த வேல். கல்வெட்டுகளில் ஊர் ‘திருவிழிச்சில்’. விளக்கெரிக்கப் பொன் கொடுத்த ஒரு பெண்ணின் பெயரும் உண்டு. அந்த அலை எத்தனை குப்பங்களை எடுத்துக்கொண்டு போனது என்பதையும் சேர்த்தேதான் இந்தக் கண்டுபிடிப்பைச் சொல்ல வேண்டும்.

நான் தேடி வந்தது ஊருக்கு மேற்கே, பூஞ்சேரியில். டிக்கெட் இல்லை, கைடு இல்லை, கூட்டமும் இல்லை. பாறையில் பல்லவர் கால எழுத்துகளில் சில பெயர்கள். கேவாத பெருந்தச்சன். குணமல்லன். பய்யமிழிப்பான். திருவொற்றியூர்க்காரர் ஒருவர். கொல்லன் சேமகன். தேவகுலம் செய்வித்தேன் என்ற பெருமை இல்லை, பட்டம் இல்லை, தெய்வம் இல்லை. வெறும் பெயர்கள். இவர்கள்தான் மாமல்லபுரத்தில் வேலை பார்த்தவர்கள் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

இதில் என்னை நிறுத்தியது கொல்லன். சிற்பிகளின் வரிசையில் இரும்படிப்பவனுக்கு என்ன வேலை? அதைப் புரிந்துகொள்ள முடிவடையாத வேலைகளைப் பார்க்க வேண்டும். ஊரின் மேற்கு ஓரத்தில் பிடாரி ரதங்களும் வலையன்குட்டை ரதமும் பாதியில் நிற்கின்றன. முற்றுப்பெறாத குடைவரைகளில் வேலை நடந்த விதம் அப்படியே தெரியும்: பாறை முகத்தில் குறுக்கும் நெடுக்கும் பள்ளம் வெட்டிக் கட்டம் கட்டமாகப் பிரிப்பார்கள், நடுவில் நிற்கும் கட்டிகளை உடைத்துத் தள்ளுவார்கள், பிறகு உள்ளே அடுத்த கட்டம். இந்தக் கல்லில் உளி சீக்கிரமே மழுங்கிவிடும். மழுங்கிய உளியை உலையில் காய்ச்சி, அடித்து, தண்ணீரில் தோய்த்துத் திருப்பிக் கொடுக்க ஒருவன் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். அவன் கை கொஞ்சம் பிசகினால் உளி முனை ஒடியும், அல்லது வளையும். அத்தனை பேருடைய வேலையும் சேமகனின் உலையில் நின்றது. அது கூட இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

திரும்பும் வழியில் சாலையோரப் பட்டறை ஒன்றில் நின்றேன். 1957இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியில் படித்த பையன், வயது இருபத்தைந்து இருக்கும். மூக்கில் கைக்குட்டை, கையில் கிரைண்டர், உடம்பெல்லாம் கல் தூசி. வெளிநாட்டுக் கோயில் ஒன்றுக்கு விநாயகர் செய்துகொண்டிருந்தார். “பீடத்துல உங்க பேர் போடுவீங்களா?” என்று கேட்டேன்.

“ஆர்டர் குடுத்தவங்க பேர்தான் சார் வரும். நம்ம பேர் போட்டா திருப்பி அனுப்பிடுவாங்க.”

பூஞ்சேரிப் பாறையைப் பற்றிச் சொன்னேன். தெரியும் என்றார், படிக்கும்போது போய்ப் பார்த்திருக்கிறாராம். கொல்லன் பெயரும் அதில் இருக்கிறதே என்றதும் கிரைண்டரை நிறுத்தினார்.

“எங்க தாத்தா பட்டறையில உலை இருந்துச்சு சார். தினம் காலையில உளி காய்ச்சாம வேலை ஆரம்பிக்காது. இப்ப முனையில கார்பைடு வெச்சு வருது, மழுங்குனா புதுசு வாங்கிக்கறோம்.”

சொல்லிவிட்டுக் கைக்குட்டையை மறுபடி இழுத்துக் கட்டிக்கொண்டார். விநாயகரின் இடது காது இன்னும் கட்டியாகத்தான் இருந்தது.