மனத்தில் எழுதிய ஏடு

ஐரோலியில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் மராத்தியும் கற்கின்றனர். வீட்டில் தமிழைக் கேட்கின்றனர், பேசவும் செய்கின்றனர். ஆயினும், அவருள் பலருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. எழுத்தறியாத பிள்ளைக்கு நம் இலக்கியம் எவ்வழியிற் சென்று சேரும்? பெற்றோர் பலரை வருத்தும் இவ்வினாவுக்கு நம் வரலாற்றிலேயே ஒரு விடை இருக்கிறது. பாடலை மனப்பாடம் செய்து வாய்விட்டு ஓதும் பழக்கமே அது.

தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் ஓதுவதற்கென முதலாம் இராசராசன் 48 பிடாரர்களை அமர்த்தினான். உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரைச் சேர்த்தான். ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் அளக்கப்பட்டது. இதனைக் கூறும் கல்வெட்டில் ஒரு விதி நம் கருத்தைக் கவர்கின்றது. பிடாரர் ஒருவர் இறந்தாலும், வேற்றூருக்குக் குடிபெயர்ந்தாலும், அவருக்கு நெருங்கிய உறவினர் அவ்விடத்தில் நின்று ஓத வேண்டும். அவர் தகுதியற்றவராயின், தகுதியுடைய பிறர் ஒருவரை நிறுத்த வேண்டும். மனிதர் ஊர்விட்டுப் போவர். ஓதும் குரல் மட்டும் நின்றுவிடலாகாது என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எண்ணியிருக்கின்றனர் அல்லவா?

கோயிலுக்கு வெளியே இவ்வழக்கத்தைக் காத்தவை திண்ணைப் பள்ளிகள். அங்கே சிறுவர் மணலில் எழுதிப் பழகினர். பின்னர் ஓலைக்குச் சென்றனர். சட்டாம்பிள்ளை ஒன்றைச் சொல்ல, மற்றவர் ஒருங்கே திருப்பிச் சொல்வர். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் நிகண்டும் இவ்வாறே நெஞ்சில் ஏறின. இத்தகைய பள்ளியிற் பயின்ற உ. வே. சாமிநாதையர், பின்னர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டார். 1887-இல் சீவகசிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அவர் பதிப்பித்தார். ஏடுகள் சிதைந்தும் பிழைபட்டும் கிடந்த இடங்களில் பாடத்தை ஆராய்ந்து காண, இளமையில் மனத்தில் ஏற்றிய நூல்கள் அவருக்குப் பெருந்துணையாயின.

பொருள் அறியாமல் உருப்போடுவதால் யாது பயன் என்று கேட்பார் உளர். திண்ணைப் பள்ளியில் பிரம்படியும் இருந்தது. அதனை நாம் போற்றவில்லை. ஆனால், அன்போடு கற்பித்த பாடல் வித்தைப் போன்றது. இளமையில் அதன் ஓசை மட்டும் இனிக்கும். பிரிவோ இழப்போ நேர்ந்த ஒரு நாளில் அதன் பொருள் தானே மலரும். அண்மையில் நடந்தவற்றை மறந்த முதியோரும், சிறுவயதிற் கற்ற பாடலைத் தடையின்றிச் சொல்வதைக் குடும்பங்களிற் காண்கிறோம்.

மனப்பாடத்தின் வலிமையை அரசுகளும் உணர நேர்ந்ததுண்டு. 1928-இல் பாரதியாரின் பாடல் நூல்களைச் சென்னை அரசாங்கம் பறிமுதல் செய்தது. சத்தியமூர்த்தி சட்டசபையில் அதனைக் கண்டித்துப் பேசினார். ஆனால், காவலர் அள்ளிச் சென்றவை அச்சிட்ட தாள்களே. மக்கள் நாவில் இருந்த பாட்டை எவ்வாறு அள்ள இயலும்? இரஷ்ய நாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. தம் மகன் சிறைப்பட்ட துயரத்தை அன்னா அக்மதோவா ‘ரிக்வியம்’ என்னும் கவிதையாக்கினார். சிறு தாளில் எழுதித் தோழி லிதியா சுகோவ்ஸ்கயாவிடம் காட்டுவார். அவர் மனத்தில் ஏற்றியதும் தாளை எரித்துவிடுவார். அக்கவிதை 1963-இல் மியூனிக் நகரிலும், 1987-இல் சோவியத் நாட்டிலும் அச்சேறியது. பல ஆண்டுகள் அதற்கு ஏடாக இருந்தவை சில நண்பர்களின் நெஞ்சங்களே.

மும்பைக்கு வந்த தமிழரும் இச்செல்வத்தைச் சுமந்தே வந்தனர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிட்டு உழைத்தவர்களும், மாதுங்காவில் அலுவலகப் பணி தேடிக் குடியேறியவர்களும் கொண்டு வந்த மூட்டையில் நூல்கள் மிகுதியாக இருந்திரா. தாலாட்டும் ஒப்பாரியும் நீதிநூலும் தோத்திரமும் நாவிலே இருந்தன. 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் மாதுங்காவில் தோன்றியது. பிற்காலத்தில், டில்லியில் வாழ்ந்த ஏ. எஸ். இராகவன் திருப்புகழைப் பலர் கூடி ஓதும் முறையைப் பரப்ப, திருப்புகழ் அன்பர்கள் மும்பையிலும் கூடி ஓதலாயினர்.

1970-இல் சிட்கோ நிறுவனம் தோன்றி நவி மும்பையை உருவாக்கியது. 1999-இல் முலுண்டையும் ஐரோலியையும் இணைக்கும் பாலம் திறக்கப்பட்டது. தமிழர் குடியிருப்புகளும் தாராவி, மாதுங்கா, செம்பூர் எல்லைகளைக் கடந்து விரிந்தன. வீடுகள் விலகிய அளவுக்குத் தமிழ் கேட்கும் வாய்ப்பும் குறைந்தது. எனவே, முன்பு தெருவும் கோயிலும் செய்த பணியை இன்று வீடே செய்ய வேண்டியுள்ளது.

அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. நாள்தோறும் விளக்கேற்றும் வேளையில் ஒரு குறளைப் பெரியவர் சொல்லப் பிள்ளைகள் திருப்பிச் சொன்னால் போதும். நாளுக்கொன்றாகக் கற்றால் 1330 குறளும் நான்காண்டுக்குள் முற்றுப்பெறும். தமிழ்நாட்டு அரசு குறள் முற்றோதும் மாணவர்க்குப் பரிசளித்து வருகிறது; வீட்டில் ஓதும் பிள்ளைக்குப் பாட்டியின் முகமலர்ச்சியே பரிசாகும். எழுத்தைப் பின்னர்க் கற்கலாம். தான் முன்பே அறிந்த பாடலை அச்சிற் காணும் பிள்ளைக்கு அவ்வெழுத்து அயலாகத் தோன்றாது. பாடலைச் சொல்லித்தரும் பாட்டியும் தாத்தாவும் நம்மோடு இருக்கும்போதே இதனைத் தொடங்குவோமாக.