சும்மாடும் தலைக்கவசமும்

தொழிற்கூடங்களில் அணியும் தலைக்கவசத்தைக் கண்டுபிடித்தவர் ஃப்ரான்ஸ் காஃப்கா என்றொரு கதை இலக்கிய வாசகர்களிடையே உலவுவதுண்டு. மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் 2002இல் வெளியான தம் நூலொன்றில் இதைக் குறிப்பிட்ட பிறகு கதைக்குக் கால் முளைத்தது. ஆவணச் சான்று ஏதுமில்லை. எனினும் கதை பிறந்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. 1908 முதல் 1922 வரை பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றியவர் காஃப்கா. மரம் இழைக்கும் இயந்திரத்தில் சதுரத் தண்டுக்குப் பதிலாக உருளைத் தண்டைப் பொருத்தினால் தொழிலாளியின் விரல்கள் எப்படித் தப்பும் என்று படங்களோடு விளக்கி அறிக்கை எழுதியவர். விரல்களுக்காக வாதாடியவருக்குத் தலைகளைக் காத்த பெருமையையும் யாரோ சேர்த்துவிட்டார்கள்.

உண்மையான வரலாறு சான் பிரான்சிஸ்கோவில் தொடங்குகிறது. அங்கே சுரங்கத் தொழிலாளருக்கான பொருட்களை விற்றுவந்த புல்லார்ட் என்ற குடும்பத்தின் மகன் எட்வர்ட், முதல் உலகப்போரில் தான் அணிந்திருந்த எஃகுத் தொப்பியின் நினைவோடு திரும்பி வந்தார். கித்தான் துணியை ஆவியில் வேகவைத்து, பசை பூசி, கறுப்பு வண்ணம் அடித்து 1919இல் அவர் செய்த தொப்பிக்கு 'வேகவைத்த தொப்பி' என்ற பொருளிலேயே பெயர் அமைந்தது. 1933இல் தொடங்கிய கோல்டன் கேட் பாலப் பணியில் தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கினார். 1938இல் அலுமினியம், நாற்பதுகளில் கண்ணாடியிழை, பிறகு பிளாஸ்டிக் என்று அது உருமாறி வந்தது.

இதே காலத்தில்தான் கொங்கு நாட்டின் விளிம்பில் மேட்டூர் அணை எழுந்தது. 1925இல் தொடங்கி 1934 ஆகஸ்டில் திறக்கப்பட்ட அணை. மேட்டூர் வேலை தொடங்கி ஆறாண்டுகள் கழித்தே, 1931இல், அமெரிக்காவின் ஹூவர் அணை வேலை தொடங்கியது. அங்கேயும் தொடக்கத்தில் தொழிலாளர்கள் தம் துணித் தொப்பிகளைத் தாரில் முக்கி, காயவைத்துத் தாங்களே கவசம் செய்துகொண்டார்கள். பிறந்த நாட்டிலேயே அது அப்போதுதான் வழக்கமாகிக்கொண்டிருந்தது.

நம்மிடம் தலைக்கு வேறொரு மரபு இருந்தது. கொங்கு நாட்டில் உருமாலை என்பது மரியாதைக்கும் சீருக்கும் உரியது; வெயிலில் உழைப்பவருக்குத் தலையில் சுற்றிய துண்டு போதும். பாறையைக் குடைந்து கிணறு வெட்டிய இந்த மண்ணில் தலைக்கு மேலிருந்து கல் விழும் ஆபத்து புதிதல்ல. ஆனால் இங்கே தலையின் முதன்மையான வேலை சுமப்பது. தலைக்கும் சுமைக்கும் இடையில் நாம் வைத்தது சும்மாடு. அதன் பழைய வடிவமான 'சுமடு' பெரும்பாணாற்றுப்படையிலேயே வருகிறது. ஆய்மகள் மோர்ப்பானையைத் தலைமேல் வைக்கும் இடத்தில். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒரு பொருள் அதே பெயரோடும் அதே வேலையோடும் நீடிப்பது எளிதல்ல. இன்றும் கோவையில் சாந்துச் சட்டி சுமக்கும் சித்தாள் தன் சும்மாட்டைத் தானே சுருட்டிக்கொள்கிறாள். அவளுடைய தலையின் அளவு அவளுக்குத் தெரியும். மாலையில் அதை உதறி, துவைத்து, கொடியில் போடுகிறாள்.

தலைக்கவசத்தைப் பராமரிப்பது பற்றிப் பேசும்போது இந்தச் சும்மாட்டை மறக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் தலைக்கவசத்தின் உயிரும் உள்ளேதான் இருக்கிறது. வெளியே தெரியும் மஞ்சள் ஓடு பாதிக் கருவி மட்டுமே. உள்ளே தலையைச் சுற்றி ஒரு பட்டையும், உச்சிக்கு மேல் குறுக்கே ஓடும் நாடாக்களும் உண்டு. ஓட்டுக்கும் உச்சந்தலைக்கும் நடுவில் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான வெற்றிடம் இருக்க வேண்டும். மேலிருந்து செங்கல் விழும்போது ஓடு வளைகிறது, நாடா நீள்கிறது, அந்த இடைவெளி அடியை வாங்கிக்கொள்கிறது. அந்த வெற்றிடத்தில் பீடிக்கட்டையோ கைக்குட்டையோ செருகிவைத்தால் அடி நேராக மண்டைக்குப் போகும். குளிர்ச்சிக்கென்று ஓட்டில் துளையிடுவதும் இதுபோல ஆபத்தான வழக்கமே.

பிளாஸ்டிக் ஓட்டின் பெரும்பகை வெயில். சூரியனின் புற ஊதாக் கதிர்கள் அதை மெல்ல உலர்த்துகின்றன. பளபளப்பு போய், சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறி, நுண்ணிய கீறல்கள் தோன்றும். இரு பக்கமும் பிடித்து அழுத்தினால் நல்ல ஓடு வளைந்து மீளும், கெட்டது நெறுநெறுக்கும். கழுவ வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போதும். ஆனால் பட்டறை ஊரான கோவையில் எதையும் மண்ணெண்ணெயும் தின்னரும் கொண்டு துடைப்பது கைப்பழக்கம். அந்தத் திரவங்கள் பிளாஸ்டிக்கைப் பலவீனப்படுத்துபவை. பெயர் எழுதப் பூசும் எனாமல் வண்ணத்திலும் அதே ஆபத்து உண்டு. வியர்வையில் ஊறும் உள்பட்டையை ஆண்டுக்கொரு முறையும், ஓட்டை ஐந்தாண்டுக்குள்ளும் மாற்றச் சொல்வது தயாரிப்பாளர்களின் பொதுவான அறிவுரை. பலத்த அடி வாங்கியதைக் கீறல் தெரியாவிட்டாலும் தூக்கி எறிய வேண்டும். அது எப்போது செய்யப்பட்டது என்பதை ஓட்டின் உட்புறமே சொல்லும்: ஒரு சிறு வட்டம், நடுவில் ஆண்டு, மாதத்தைக் காட்டும் அம்பு. அதைப் புரட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

ஆயுத பூஜையன்று எங்கள் ஊர்ப் பட்டறைகளில் லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் சந்தனமும் குங்குமமும் இடுவார்கள். ஸ்பானரும் சுத்தியலும்கூடத் துடைத்து வரிசையாக வைக்கப்படும். அந்த வரிசையில் ஒரு தலைக்கவசத்தை நான் பார்த்ததில்லை. கருவி என்ற நினைப்பே அதைப் பற்றி வரவில்லை. அதிகாரி வரும்போது அணிவது என்ற நினைப்புதான் இருக்கிறது.

சட்டத்தில் குறையில்லை. இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 2925, 1984இல் திருத்தப்பட்ட வடிவில், தலைக்கவசம் தாங்க வேண்டிய அடியை வரையறுக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தையும் 1996ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தையும் உள்ளடக்கி, 2020இல் நாடாளுமன்றம் ஒரே சட்டத்தொகுப்பை நிறைவேற்றியது. இவை எல்லாம் தலைக்கவசத்தை வழங்குவதைப் பற்றி நினைக்கின்றன. சித்தாளின் தலையைப் பற்றி நினைத்ததாகத் தெரியவில்லை. கொண்டை போட்ட தலையில் பட்டை சரியாக உட்காராது. அதன் வளைந்த உச்சியில் சாந்துச் சட்டி நிற்காது. நின்றாலும், நொடிநேர அடிக்காகச் செய்த நாடா நாள் முழுவதும் சுமையைத் தாங்கித் தளர்ந்துவிடும். ஆகவே கொத்தனார் தலையில் மஞ்சள் ஓடும், பொறியாளர் தலையில் வெள்ளை ஓடும் இருக்க, சாரத்தின் அடியில், கல் விழக்கூடிய அதே இடத்தில், அவள் சும்மாட்டோடு நடக்கிறாள். அவளுக்குத் தலைக்கவசம் தருவதற்கு முன் அந்தச் சட்டியைத் தள்ளுவண்டிக்கோ தூக்கிப் பொறிக்கோ மாற்ற வேண்டும். பெரிய பாலப் பணிகளில் அது நடந்துவிட்டது. தெருக்களில் எழும் இரண்டு மாடி வீடுகளில் நடக்கவில்லை.

மற்றவர்களுக்கும் அது சொந்தப் பொருளல்ல. தினக்கூலிக்கு வருபவர் காலையில் கொட்டகைக் குவியலிலிருந்து ஒன்றை எடுக்கிறார், மாலையில் அங்கேயே போடுகிறார். பின்புறத் திருகைத் திருப்பித் தன் தலைக்கு இறுக்கிக்கொள்ள ஒரு நிமிடம் ஆகும். யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். மறுநாள் அதே கவசம் வேறொருவருக்குப் போகும்போது, திருகு முந்தைய தலையின் அளவிலேயே நிற்கும்.